தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் கூழும் குங்குமமும் எடுத்துக்கொண்டு உங்கம்மா முகப்பேருக்கு, உன் மாமியார் வீட்டுக்கு வருவாள். அந்தப் பையில்தான் இந்தக் கடிதம் இருக்கும். உறையை ஒட்டவில்லை. உன் கைக்கு வருவதற்கு முன்னால் வேறு யாராவது எடுத்துப் படித்தால் படிக்கட்டும் என்றுதான் ஒட்டாமல் விட்டேன். நீ போனில் பேசுவதை எல்லோரும் கேட்கிறார்கள், நான் எழுதியதையும் படித்துவிட்டுப் போகட்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனியில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் மட்டுமே எழுதிப் பழகிய கை இது, நாலு வரிக்கு மேல் ஓடியதில்லை. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள். இல்லை, அந்த வார்த்தை வேண்டாம். பொறுத்துக்கொள் என்று உன்னிடம் இனி எதற்காகவும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்த பிறகுதான் எழுதவே உட்கார்ந்தேன்.

மீன் தொட்டியில் இருந்து ஆரம்பிக்கிறேன். என் தப்பு எனக்குப் புரிந்தது அங்கேதான். வைகாசியில் உன் கல்யாணம் முடிந்து நீ போன பிறகு, முன்னறையில் நீ பரீட்சைத் தாள் திருத்துகிற மேஜையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மேஜையை உள்ளே தள்ளிவிட்டு அந்த இடத்தில் இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கி வைத்தேன். நீ நாலாவது படிக்கும்போது மீன் வேண்டும் என்று ஒரு வருஷம் கேட்டாய். கரண்ட் போனால் செத்துவிடும், யார் கழுவுவது என்று ஏதேதோ சொல்லித் தட்டிக் கழித்தேன். நீ இருந்தபோது வாங்கித் தராமல், நீ இல்லாத வீட்டில் கொண்டுவந்து வைக்கிற புத்தி எனக்கு மட்டும்தான் வரும்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற மீன் கடைக்காரர் அன்றைக்கே சொன்னார். "நைனா, தொட்டிய எடுத்துக்கினு போ. தண்ணி ஊத்தி ஒரு மாசம் சும்மா ஓடவுடு. அப்பால வந்து மீன் வாங்கிக்க." எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று வளர்பிறை வெள்ளி. காலண்டரில் நல்ல நேரம் பார்த்துவிட்டு, உங்கம்மாவிடம் தொட்டிக்குப் பொட்டு வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன். நாள் பார்த்தாகிவிட்டது, மீன் இல்லாமல் போக மாட்டேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நாளு நல்லா கீது நைனா. தண்ணி நல்லா கீதான்னு பாத்தியா?" என்று கேட்டார். மெட்ரோ தண்ணீர்தான், குடிக்கிற தண்ணீர் என்று பெருமையாகச் சொல்லி, தங்கமீன் ஐந்து வாங்கிக்கொண்டு வந்து அன்றைக்கே விட்டேன். உன் கல்யாணத்திலும் நான் இதைத்தான் செய்தேன். வைகாசியை விட்டால் ஆனியில் முகூர்த்தம் சரியில்லை, அதற்கப்புறம் ஆடி என்று பையன் வீட்டில் சொன்னதும் தலையாட்டினேன். பார்த்துப் பேசி இருபத்தெட்டு நாளில் தாலி ஏறிவிட்டது. நாள் பார்த்ததைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. தண்ணீரோ அவ்வளவு தெளிவு, பின்னால் மாட்டியிருக்கிற காலண்டரில் தேதியைப் படிக்கலாம். அன்றைக்கு நீ போன் செய்தாய். உனக்கு ஞாபகம் இருக்கும். வழக்கம்போல உன் மாமியார், "ஸ்பீக்கர்ல போடும்மா, நாங்களும் விசாரிக்கிறோம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அதுவரைக்கும் அதை நான் பாசம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டாயா என்றேன், சாப்பிட்டேன் என்றாய். மாப்பிள்ளை எப்படி என்றேன், நல்லாயிருக்காங்க என்றாய். பிறகு நீயாகவே, "மீனெல்லாம் எப்படிப்பா கீது?" என்று கேட்டாய். ஒன்று மட்டும் மேலேயே நிற்கிறது, மூச்சு வாங்குகிறது என்றேன்.

"அத வெளிய எடுத்துடுப்பா" என்றாய்.

"எடம் புதுசு இல்ல பாப்பா, பழகிடும்" என்றேன்.

"சரிப்பா" என்று நீ போனை வைத்துவிட்டாய். உங்கம்மா பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றுவிட்டது. நான் அதைப் பார்த்தேன், ஏன் என்று கேட்கவில்லை.

அந்த மீன் மறுநாள் செத்தது. அதற்கடுத்த நாள் இன்னொன்று. எனக்குச் சுத்தம்தான் தெரியும், வேறென்ன தெரியும்? தொட்டித் தண்ணீரைப் பூராவும் இறைத்துக் கொட்டினேன். கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவினேன். மோட்டாருக்குள் இருக்கிற ஸ்பாஞ்சு பழுப்பாக, வழவழவென்று இருந்தது. குழாயடியில் வைத்து அது வெள்ளையாகிற வரைக்கும் பிழிந்தேன். புதுத் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். முன்னைவிடத் தெளிவாகப் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்புத் தண்ணீரில் அடுத்தடுத்து இரண்டு மீன் போயின. ஆனி முடிகிற சமயத்தில் தொட்டியில் ஒன்றுதான் மிச்சம்.

அப்போதுதான் உன்னை ஆடிக்கு அழைக்க முகப்பேருக்கு வந்தேன். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைப்பது யாருக்கும் தெரியாத வழக்கமா? பழம், பூ, புடவை, வேட்டி எல்லாம் தட்டில் வைத்து, முறையாகத்தான் கேட்டேன். உன் மாமியார் சிரித்த முகமாகவே சொன்னார்கள். "எங்க ஊட்ல அந்தப் பழக்கம்லாம் இல்லீங்க. அவ இங்க நல்லாத்தானே கீறா? அங்க இன்னா வேல?" மாப்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நீ டம்ளர் எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். நெமிலிச்சேரி பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள், தூரம் ஜாஸ்தி, நாங்கதான் வேண்டாம்னு சொன்னோம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். நீ வகுப்புக்குள் போனால் பசங்கள் எழுந்து நின்று சத்தமாக வணக்கம் சொல்வது உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அப்போதும் நான் காபியைக் குடித்து முடித்தேன்.

நான் படியிறங்கும்போது நீ என்கூட இரண்டாவது மாடி வரைக்கும் வந்தாய். காலில் செருப்பு இல்லை. கேட்டதற்கு, "உள்ள எடுத்து வெச்சிட்டாங்கப்பா. வெளிய போற வேல இல்லன்னா செருப்பு எதுக்குன்னு சொன்னாங்க" என்றாய், பசங்களுக்குப் பாடம் சொல்கிற மாதிரி நிதானமாக. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பா, என் துணிய ஒரு பையில எடுத்து வெச்சிருக்கேன். நீ எடுத்துக்கினு போறியா?" என்று கேட்டாய்.

எனக்குப் புரிந்தது பாப்பா. புரியவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பை முதலில் போகும், நீ பின்னால் வருவாய், அதுதானே? நன்றாகவே புரிந்தது. அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள், பத்திரிகை கொடுத்த வீடுகளில் எப்படி முகம் காட்டுவது, இரண்டு மாசம்கூட ஆகவில்லையே என்று அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் ஓடியது. "துணி எதுக்கு இப்ப?" என்றேன். மேலேயிருந்து, "இன்னாம்மா, கீழ வரைக்குமா போற?" என்று குரல் வந்தது. நீ திரும்பிப் படியேறினாய். உன் பாதத்தில் படித்தூசி ஒட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் ஓ.டி. வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் கடைசி மீனும் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒரு வாட்டர் பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மீன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் சின்னக் கண்ணாடிக் குழாயில் அதைக் கொஞ்சம் ஊற்றி இரண்டு மருந்துப் புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினார். மஞ்சளாக இருந்தால் பயமில்லையாம், பச்சை ஏற ஏற விஷமாம். என் தண்ணீர் கரும்பச்சையாக மாறிற்று. "தண்ணி தெளிவாத்தானேப்பா இருந்தது" என்றேன். "தெளிவா கீதுன்னா நல்லா கீதுன்னு அர்த்தமா? இது கண்ணுக்குத் தெரியாது நைனா" என்றார்.

அறிவியல் டீச்சருக்கு நான் பாடம் எடுக்கிறேன், சிரிக்காதே. மீன் போடுகிற கழிவும் மிச்சத் தீனியும் அமோனியாவாகிறது. அதைத் தின்று மாற்றுகிற கிருமிகள் உண்டு, நல்ல கிருமிகள். ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை வந்து அதை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். புதுத் தொட்டியில் இவை எதுவும் இருக்காது. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் மெல்ல மெல்லக் குடியேறுவதற்கு நாலு வாரம், ஆறு வாரம் ஆகும். நான் குழாயடியில் பிழிந்து கொட்டியது அவற்றைத்தான். குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரின் மிச்சத்தையும் கொன்றிருக்கும். "நீ கழுவுனது அழுக்கு இல்ல நைனா, அதான் தொட்டிக்கே உசுரு" என்றார் அவர். நான் என் சமாதானத்துக்கு, எப்படியும் நாலு வாரத்தில் சரியாகிவிடும் என்கிறீர்களே, மீன் அதுவரைக்கும் தாக்குப்பிடித்தால் போதாதா என்று கேட்டேன். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டார். "தண்ணி சரியாவும், நான் இல்லன்னு சொல்லல. அதுக்கு மீனு உள்ள கெடந்து சாவணுமா? அத வெளிய எடு மொதல்ல. தண்ணி பாட்டுக்குத் தண்ணி ரெடியாவட்டும்."

அத வெளிய எடுத்துடுப்பா என்று நீ போனில் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. மூன்று வாரம் கழித்து, மீன் கடை வாசலில்.

கம்பெனியில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். துளை போட்ட பீஸ் வரும், அதில் அளவு பார்க்கிற கேஜை விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. எவ்வளவு அழகாக மின்னினாலும் கேஜ் வைக்காமல் ஒரு பீஸைக்கூட நான் பாஸ் செய்ததில்லை. சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாலும் முறைத்துக்கொண்டு நிற்பேன். அப்படிப்பட்டவன் உன்னைக் கொடுக்கிற வீட்டை வெறும் கண்ணால் பார்த்துப் பாஸ் செய்துவிட்டேன். தரை சுத்தமாக இருந்தது, யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. ரொம்ப அமைதியான குடும்பம் என்று நம் கள்ளிக்குப்பம் முழுக்க நானே சொல்லித் திரிந்தேன். ஒரு வீட்டில் சத்தமே இல்லை என்றால் யார் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

அன்றைக்கே மீனைப் பக்கெட்டுக்கு மாற்றினேன். உங்கம்மா புழக்கத்துக்கு முந்தின நாளே பிடித்து, திறந்து வைத்திருந்த தண்ணீர். போதாததற்குக் குளோரினை முறிக்கிற சொட்டு மருந்தும் விட்டேன். சின்ன ஏர் பம்ப் ஒன்றும் ஓடுகிறது. தினமும் காலையில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் பாதி புதுசு ஊற்ற வேண்டும். தீனி, கையால் கிள்ளினால் ஒட்டுகிற அளவுதான். கடைக்காரர் அவருடைய பழைய தொட்டியிலிருந்து ஒரு அழுக்கு ஸ்பாஞ்சைக் கொடுத்தார், அதைக் காயவிடாமல் கொண்டுவந்து நம் தொட்டியில் போட்டிருக்கிறேன். மீன் இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிடுகிறேன், அந்தக் கிருமிகளுக்கு அதுதான் சாப்பாடு. உங்கம்மாவுக்கு நான் பைத்தியம் பிடித்தவன் என்கிற முடிவு எப்போதோ வந்துவிட்டது. ஆனால் பக்கெட்டுக்குத் தண்ணீர் பிடித்து வைப்பது அவள்தான்.

பக்கெட் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாள் அவளிடம் கேட்டேன். நீயும்தானே வேலூர் பக்கத்திலிருந்து வந்து எங்கள் இரண்டு ரூம் வீட்டில், அண்ணன் குடும்பத்தோடு கிடந்தாய், உனக்குப் பழகிவிட்டதே என்றேன். அவள் தலையைத் தூக்காமல் சொன்னாள். "எனக்கு எங்க பழகிச்சு? மொத வருஷம் ஊருக்குக் கொண்டுபோயி விடுங்கன்னு எத்தன வாட்டி கேட்டேன். பழகிடும் பழகிடும்னீங்க. அப்புறம் நான் கேக்கறத நிறுத்திட்டேன். அவ்ளோதான்." முப்பத்திரண்டு வருஷம் அதே வீட்டில் அவளோடு சாப்பிட்டிருக்கிறேன் பாப்பா. அவள் கேட்பதை நிறுத்தியதைப் பழகியதாக எழுதிக்கொண்டது நான்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

உன்னிடத்திலும் இதையே வளர்த்துவிட்டேன். மூன்றாவது படிக்கும்போது பள்ளிக்கூட பாத்ரூமில் தாழ்ப்பாள் சிக்கி ஒரு மணி நேரம் உள்ளேயே இருந்தாய். ஆயா வந்து திறக்கிற வரைக்கும் கத்தவில்லை. ஏன் கத்தவில்லை என்று கேட்டதற்கு, டீச்சர் திட்டுவாங்க என்றாய். என் பெண்ணைப் போலப் பொறுமைசாலி உண்டா என்று நான் உன்னைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் காட்டினேன். அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அடுத்த தடவை கத்து. கதவை உதை. அதைச் சொல்ல எனக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் மூன்று வாரம் யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மீனை வெளியே எடுக்க ஒரு நிமிஷம்கூட யோசிக்காதவன், உன் விஷயத்தில் ஜாதகம் பார்த்தவரிடம் போய்க் கேட்கலாமா, பெரியப்பாவை வைத்துப் பேசலாமா என்று நாளைக் கடத்தினேன். நேற்றுக் காலையில் பக்கெட்டுக்குத் தண்ணீர் மாற்றும்போது அந்த மீன் அடியில் நிதானமாக நீந்திக்கொண்டிருந்தது. மேலே வரவே இல்லை. பக்கெட் ஒன்றும் அழகான இடமில்லை, சுற்றி வரக்கூட இடம் பற்றாது. ஆனால் அதற்கு மூச்சு முட்டவில்லை. அதைப் பார்த்துவிட்டு எழுந்து நெமிலிச்சேரிக்கு ரயிலேறினேன். உன் பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். உன் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்கள். பரவாயில்லை, அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்? திரும்பி வந்து உன் மேஜையைத் துடைத்துப் பழையபடி முன்னறையில் போட்டேன். தொட்டியைச் சுவரோரம் நகர்த்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை கெட்டவர் என்று நான் எழுதவில்லை. எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவும் இல்லை. அவருக்கு உன்னோடு பேச வேண்டுமென்றால் கள்ளிக்குப்பத்துக்கு வரட்டும், நாற்காலி போடுகிறேன், காபி கொடுக்கிறேன். நீங்கள் இருவரும் தனியாகப் பேசுங்கள், யாரும் ஸ்பீக்கர் கேட்க மாட்டார்கள். அந்த வீட்டுத் தண்ணீர் ஒரு நாள் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். சரியானதாக உனக்குத் தோன்றினால் போ, தோன்றாவிட்டால் போக வேண்டாம். யாருக்காகவும் தேதி குறிக்க மாட்டேன். ஆனால் அதை நீ வெளியே இருந்து பார். நம் தொட்டியும் இன்னும் தயாராகவில்லை. அமோனியா மஞ்சளுக்கு வந்துவிட்டது, நைட்ரைட் இன்னும் இறங்கவில்லை. எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும், பக்கெட்டில் மீன் நன்றாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நானும் உங்கம்மாவும் ஆட்டோவில் வருவோம். நாள் பார்க்கவில்லை, ராகு காலம், எமகண்டம் எதுவும் பார்க்கவில்லை. பாத்திரம், நகை, புடவை எதையும் நீ எடுக்க வேண்டாம், அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், பேசுவதை நான் பேசிக்கொள்கிறேன். வர வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் உள்ளேயே இரு, கோபித்துக்கொள்ள மாட்டேன், அடுத்த ஞாயிறும் வருவேன். வர வேண்டும் என்றால் ஒன்று மட்டும் செய். அந்தச் செருப்பு எங்கே இருக்கிறது என்று தேடிக் காலில் போட்டுக்கொண்டு வாசலில் நில். கிடைக்காவிட்டால் வெறுங்காலோடு நில், உங்கம்மா உன் பழைய செருப்பைக் கொண்டுவருகிறாள்.

அன்றைக்குப் படியில் நீ கேட்டாயே, அந்தப் பையை எடுத்து வை. நான் தூக்கிக்கொள்கிறேன்.